ஆறு பேசின் மண்

1979 பெப்ரவரி 5ஆம் திகதி, திங்கட்கிழமை, இரத்தினபுரியில் ஒரு நொத்தாரிசின் காரியாலயத்தில் ஒரு பங்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. குருவிட்டவுக்கு அருகே பத்து ஏக்கர் காணியில் பப்பாசி பயிரிட்டு, காயைக் கீறிப் பால் எடுத்து, அதைக் காயவைத்துப் பொடியாக வெளிநாட்டு மருந்துக் கம்பனிகளுக்கு அனுப்புவது திட்டம். லாபம் பதினாறு பங்கு. முதல் போட்ட மாணிக்க வியாபாரி அப்துல் ரஸாக் ஹாஜியாருக்கு எட்டு. காணிச் சொந்தக்காரர் சாலிக்கு நாலு. கன்று வளர்த்து நட்டுப் பராமரிக்கும் இருளப்பனுக்கும் அவருடைய ஆட்களுக்குமாக இரண்டு. விஞ்ஞான ஆலோசகர் டொக்டர் நாகலிங்கத்துக்கு இரண்டு.

இரண்டு நாள் கழித்து, புதன்கிழமை காலை, நாகலிங்கம் இருளப்பனோடு காணியைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். இருளப்பன் நாற்பது வருஷம் றப்பர் தோட்டங்களில் நாற்றுமேடைக் கங்காணியாக இருந்தவர். காணி பார்க்க அழகாயிருந்தது. சரிவு, சிவந்த மண், ஆங்காங்கே மரவள்ளி. வேலியோரத்தில் ஒரு பழைய அடிமரம் மண்ணுக்கு மேல் ஒரு முழம் நின்றது. நாகலிங்கம் அதைச் செருப்பால் தட்டினார்.

"இது என்ன மரம்?"

"றப்பருங்க. எல்லாம் றப்பர்தான் நின்னிச்சு. ரெண்டு வருசத்துக்கு முந்தித்தான் புடுங்குனாங்க."

"ஏன் புடுங்குனாங்க?"

"எல நிக்கலிங்களே ஐயா. ஆடி மாசம் மழ புடிச்சா ஒரே வாரத்துல பச்சையா கொட்டிப்போகும். உருவிவிட்ட மாதிரி மொட்டையா நிக்கும். பாலும் வராது."

நாகலிங்கம் அடிமரத்தின் மேல் உட்கார்ந்தார். இருளப்பன் அவருக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து இளநீர் வெட்டப் போனார்.

பச்சை இலை கொட்டுவதற்கு என்ன காரணம் என்று நாகலிங்கத்துக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. 1964இல் அரசாங்க ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் சேர்ந்த நாளிலிருந்து, லண்டனில் படித்த மூன்று வருஷமும் சேர்த்து, அவர் பார்த்த வேலையே அதுதான். மழை நீரில் நீந்திப் பரவும் ஒரு பூஞ்சணம். இலையைக் கொட்டவைத்துவிட்டு மண்ணுக்குள் இறங்கி வருஷக்கணக்கில் கிடக்கும். றப்பரில் அது இலையைத்தான் தின்கிறது. பப்பாசிக்கு வேரையே தின்னும். மழை தொடங்கி ஒரு மாதத்துக்குள் மரம் அடியோடு சாயும்.

கையெழுத்துப் போடுமுன் மண்ணைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு மாணவன் இப்படிச் செய்திருந்தால் அவர் அவனை அறையைவிட்டு அனுப்பியிருப்பார்.

ஹாஜியார் அவரைத் தேடி வந்தது போன வருஷம் ஆடி மழையில். தன் றப்பர் காணியில் இலை கொட்டுகிறது என்று ஒரு பை நிறைய இலையோடு ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார். பேச்சு முடிந்து எழும்பும்போது, "தம்பி, ஒரு கல்ல காட்டினா வெயில்ல புடிச்சிப் பாத்து நான் சொல்லிருவன். வளர்ற சாமானக் கொண்டுவந்து சல்லி போடச் சொல்றாங்க. காளான், மருந்துச் செடி, மீன் குஞ்சி. அத எந்த வெயில்ல புடிச்சிப் பாக்கிற?" என்று கேட்டார். இறக்குமதி திறந்துவிட்டிருந்த காலம். மாணிக்கத்தில் வந்த சல்லி வேறு வழி தேடிக்கொண்டிருந்தது. தனக்காக அப்படிப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்றார். மாதம் தொள்ளாயிரம் ரூபா சம்பளம், இல்லாவிட்டால் ஒவ்வொரு தொழிலிலும் ஒரு பங்கு.

நாகலிங்கம் பங்கைத் தேர்ந்தெடுத்தார். பதினான்கு வருஷம் ஒருவருக்குக் கீழே இருந்தது போதும் என்று தோன்றியது. பங்காளி என்ற சொல்லும் பிடித்திருந்தது. டிசம்பரில் இராஜினாமாக் கடிதம் கொடுத்தார். இந்திய வம்சாவளியில் வந்து பதிவுப் பிரஜையான ஒரு கடைக்காரரின் மகன் அரசாங்க உத்தியோகத்தைத் தானாக விட்டது தெஹியோவிட்டவில் ஒரு வாரம் பேசப்பட்டது. பென்சன் இல்லை, குவாட்டர்ஸ் இல்லை. மனைவி பரிமளமும் இரண்டு பெண்பிள்ளைகளும் அவரும் தெஹியோவிட்டவில் அண்ணனின் கடைக்குப் பின்னால் இரண்டு அறையில் இருந்தார்கள்.

மாணிக்கக் குழியில் இறங்குகிறவனுக்குச் சம்பளம் கிடையாது. கல் கிடைக்கும்வரை சோறு மட்டும், கிடைத்தால் பங்கு. ஹாஜியாருக்குத் தெரிந்த முறை அதுதான். ஆகவே ஜனவரியிலும் பெப்ரவரியிலும் முதல் வாரம் ஒரு லொறி கடைக்கு முன்னால் நின்று ஒரு மூட்டை அரிசியை இறக்கிவிட்டுப் போனது.

"லண்டன் படிப்புக்கு மாசம் ஒரு மூட்ட," என்றாள் பரிமளம். "இதுக்கு மூட்ட தூக்கியிருந்தா ரெண்டு கெடச்சிருக்கும்."

அந்தப் புதன்கிழமை காணியிலிருந்து அவர் பிஸ்கட் டின்னில் மண் கொண்டுவந்தார். சமையலறையில் இருந்த இரண்டு பேசினில் மண்ணைப் போட்டு நீர் ஊற்றி, பச்சைப் பப்பாசிக் காயைத் துண்டு போட்டு மிதக்கவிட்டார். மண்ணில் அந்தப் பூஞ்சணம் இருந்தால் நாலைந்து நாளில் காயைத் தேடி வரும். பரிமளம் பருப்புக் கழுவப் பாத்திரமில்லாமல் நாலு நாள் திட்டினாள். ஐந்தாம் நாள் துண்டுகளில் தண்ணீர் ஊறியது போல வட்டங்கள் விழுந்திருந்தன. பழைய பித்தளை மைக்றஸ்கோப்பை ஜன்னலோரம் வைத்துப் பார்த்தார். எலுமிச்சம்பழ வடிவில் சின்னச் சின்ன வித்துப் பைகள். பதினான்கு வருஷமாக அவருக்கு அடையாளம் தெரிந்த உருவம்.

"என்னவாம்?" என்றாள் பரிமளம்.

"நட்டா சாகும்."

"நடலேன்னா?"

"நடலேன்னா தொழிலே இல்ல. தொழில் இல்லேன்னா பங்கு இல்ல."

அவள் பேசினைக் கையிலெடுத்து, "இத எப்பக் கொட்டலாம்?" என்று கேட்டாள்.

*

15ஆம் திகதி வியாழக்கிழமை ஹாஜியாரின் இரத்தினபுரி வீட்டில் மூன்று பங்காளிகளுக்கும் நாகலிங்கம் விஷயத்தைச் சொன்னார். வரைந்து காட்டினார். றப்பர், இலை, மழை, மண், வேர். ஹாஜியார் நாடியைத் தடவிக்கொண்டு கேட்டார். இருளப்பன் நிலத்தைப் பார்த்தார். அவருடைய நாற்றுமேடையில் ஏற்கெனவே நாலாயிரம் கன்று பொலிதீன் பைகளில் நின்றது.

சாலி மட்டும் சிரித்தார். கையெழுத்திட்ட நாளிலிருந்தே அவர் நாகலிங்கத்தை டொக்டர் என்றுதான் கூப்பிடுவார். முதல் நாள் தன் முழங்கால் வலிக்கும் மருந்து கேட்டிருந்தார்.

"டொக்டர், மண் எங்கட. எப்ப அள்ளினீங்க?"

"ஏழாம் திகதி. இருளப்பன் கூட இருந்தாரு."

"அலசினது எங்க?"

"என் வீட்டுல."

"யார் இருந்த?"

"யாரும்... என் சம்சாரம் இருந்தாங்க."

சாலி ஹாஜியாரைப் பார்த்தார். ஹாஜியார் நாடியிலிருந்து கையை எடுத்தார். அறையில் ஏதோ மாறியதை நாகலிங்கம் உணர்ந்தார், என்னவென்று விளங்கவில்லை.

"ஐயா," என்றார் இருளப்பன் மெதுவாக, "மாணிக்கக் குழியில கல்லுச் சரள எடுத்தா குமிச்சு வெப்பாங்க. பங்காளி அத்தன பேரும் வந்து நின்னாத்தான் அலசுவாங்க. ஒருத்தர் கொறஞ்சாலும் தொட மாட்டாங்க."

"இது மாணிக்கம் இல்லையே," என்றார் நாகலிங்கம்.

"பங்குக் காணி மண்ண வீட்டுக்குக் கொண்டுபோய் தனிய அலசின ஆளுக்கு இந்த ஊர்ல ஒரு பேர் ஈக்கிது," என்றார் சாலி. "நான் சொல்லல்ல. டொக்டர் படிச்ச ஆள். ஆனா அவிசாவளையிலயும் ஒரு முதலாளி பப்பாசிக்கிக் காணி தேடுறாராம். எங்கட மண் கூடாதெண்டா அவருக்கு நல்லம்தானே."

நாகலிங்கம் தன் குறிப்புத் தாளை நடுவில் தள்ளிவைத்தார். விஞ்ஞானத்தில் ஒருவன் தனியாகச் செய்து எழுதிவைப்பான். சந்தேகம் உள்ளவன் தானும் செய்துபார்ப்பான். இங்கே அவர் எழுதிக்கொண்டுவந்த தாளை ஒருவரும் தொடவில்லை.

"அப்ப எல்லாருக்கும் முன்னால திரும்பச் செய்றேன்," என்றார்.

"அதத்தான் செய்யோணும்," என்றார் ஹாஜியார்.

19ஆம் திகதி நால்வரும் காணிக்குப் போனார்கள். எங்கே தோண்டுவது என்று சாலி காட்டினார். வேண்டுமென்றே மேட்டில், காய்ந்த இடமாக ஐந்து இடம். சாலியே அள்ளினார். ஆறாவது பேசினுக்கு அதே மண்ணில் கொஞ்சத்தை மண்ணெண்ணெய் டின்னில் போட்டு இருளப்பன் ஒரு மணி நேரம் வேகவைத்தார்.

"மண்ணுல கஞ்சி காச்சுறது எதுக்கு?" என்றார் சாலி.

"வெந்த மண்ணுல உயிர் இருக்காது. இதுல போட்ட துண்டும் அழுகினா, அது சும்மா அழுகல். நான் சொன்னது தப்பு. இது பச்சையா இருந்து மத்தது அழுகினா மட்டும் நான் சொன்னது சரி."

ஹாஜியார் தலையசைத்தார். இந்தக் கணக்கு அவருக்குப் பிடித்தது.

ஆறு பேசினையும் ஹாஜியார் வீட்டுப் பின்கட்டில் ஒரு சாமான் அறையில் வைத்தார்கள். ஒரே காயிலிருந்து துண்டு போட்டார்கள். கதவுக்கு மூன்று பூட்டு. ஹாஜியாருடையது ஒன்று, சாலியுடையது ஒன்று, இருளப்பனுடையது ஒன்று. நாகலிங்கத்துக்குப் பூட்டு இல்லை. கேட்கவும் அவருக்கு வாய் வரவில்லை. ஐந்து நாள். சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் திறப்பது.

கதவு மூடிய பிறகுதான் அவர் கூரையைப் பார்த்தார். தகரம்.

*

செவ்வாய்க்கிழமை வெயில் கொளுத்தியது. தெஹியோவிட்டவில் கடைத்தெருவுக்கும் அறைக்கும் இடையில் நடந்துகொண்டு அவர் தகரக் கூரையை நினைத்தார். பேசின் நீர் அதிகம் சூடேறினால் பூஞ்சணம் வெளியே வராது. ஐந்து பேசினிலும் காய் பச்சையாகவே இருக்கும், அவர் பொய்யர். சூட்டில் காய் தானாகவே அழுகினாலும் வம்பு. ஆறும் அழுகும், அப்போதும் அவர் பொய்யர். போதாததற்கு மண் பெப்ரவரி வெயிலில் காய்ந்தது. மேட்டு மண் வேறு. வீட்டில் செய்தபோது அடிமரத்தடி மண், குளிர்ந்த சமையலறை.

புதன்கிழமை அவருக்குப் பொறுக்கவில்லை. பஸ் ஏறி அவிசாவளைக்குப் போய், அங்கே மாறி இரத்தினபுரியில் இறங்கினார். ஹாஜியார் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஒழுங்கை. சாமான் அறையின் வெளிச்சுவர் அதில்தான் இருந்தது. மத்தியானம். அவர் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கையை எடுத்து வேறோர் இடத்தில் வைத்தார்.

"டொக்டர்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சாலி சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றார். "செவருக்குக் காய்ச்சலா?"

நாகலிங்கம் கையைச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"நாப்பத்தஞ்சு வயசுல எனக்கு ஈக்கிறது இந்தப் பத்து ஏக்கர்தான்," என்றார் சாலி. இப்போது அவர் சிரிக்கவில்லை. "றப்பர் போய்ட்டு. மரவள்ளி தின்னத்தான் காணும். நீங்க ஒரு தாள்ல எழுதிட்டு வேற வேலைக்கிப் போவீங்க. நான் அந்த மண்ணோடதான் ஈக்கோணும்."

"வேற வேல எனக்கு இல்லைங்க."

சாலி அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார்.

திரும்பி வந்த பஸ்ஸில் நாகலிங்கம் ஒன்றைக் கவனித்தார். குருவிட்ட தாண்டியதிலிருந்து அவர் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. காய் பச்சையாகவே இருந்துவிட்டால் என்ன? ஒப்பந்தம் நிற்கும். மார்ச்சில் நடுவார்கள். மாதம் ஒரு மூட்டை அரிசி வரும். மழைக்கு மரம் சாய்ந்தால், நான் அப்போதே சொன்னேனே என்று சொல்லலாம். அதற்கிடையில் வேறு ஏதாவது கிடைக்கும். ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த காலமெல்லாம் எத்தனையோ பரிசோதனையின் முடிவுக்காகக் காத்திருந்திருக்கிறார். முடிவு இப்படி வரட்டும் என்று ஒருமுறையாவது விரும்பியதில்லை. விரும்பக் காரணம் இருந்ததில்லை. எப்படி வந்தாலும் இருபத்தைந்தாம் திகதி சம்பளம் வரும். இப்போது பப்பாசித் துண்டு அழுகாமல் இருக்க வேண்டும் என்று மனசு கேட்டது. தகரக் கூரை பயத்தைவிட இது பெரிய பயமாயிருந்தது.

வெள்ளிக்கிழமை பரிமளம் கோயிலுக்குப் புறப்பட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"என்னான்னு வேண்டிக்கிறது?"

"என்ன?"

"அழுகணும்னா, அழுகக் கூடாதுன்னா? ஒன்னச் சொல்லுங்க. சாமிகிட்டப் போயி முழிச்சிக்கிட்டு நிக்க முடியாது."

அவர் யோசித்தார். யோசிக்க யோசிக்கப் பதில் தள்ளிப் போயிற்று.

"அழுகினா வேல போச்சு," என்றாள் அவள். "அழுகலேன்னா பேரு போச்சு. ரெண்டுலயும் நமக்குச் சோறு இல்ல. அப்புறம் எதுக்கு நீங்க மூனு நாளா சாப்பிடாம இருக்கீங்க? சாப்பிட்டுட்டே கவலப்படலாம்ல."

அவர் சிரிக்கப் பார்த்தார்.

"பொதுவா கும்பிட்டுட்டு வா," என்றார்.

"பொதுவா கும்பிட்டுத்தான் இங்க வந்து நிக்கிறோம்," என்றுவிட்டுப் போனாள்.

*

சனிக்கிழமை பத்து மணிக்கு மூன்று பூட்டும் திறக்கப்பட்டன. முதலில் இருளப்பன், பிறகு சாலி, கடைசியில் ஹாஜியார். கதவைத் தள்ளியதும் வெக்கையும் நாற்றமும் ஒன்றாக வந்தன. நாகலிங்கம் வாசலிலேயே நின்றுவிட்டார். நாற்றம் என்றால் எல்லாமே அழுகியிருக்கலாம்.

"வாங்க தம்பி," என்றார் ஹாஜியார். "பங்காளி நாலு பேரும் நிக்கோணும்."

முதல் பேசினில் துண்டுகள் சாம்பல் நிறமாக ஊறிக் கிடந்தன. விரலால் தொட்டதும் இருளப்பனின் நகம் உள்ளே போனது. இரண்டாவதும் அப்படி. மூன்றாவது, மிக மேட்டிலிருந்து எடுத்த மண், பச்சையாகவே இருந்தது. சாலி மூச்சை உள்ளே இழுத்தார். நாலாவதிலும் ஐந்தாவதிலும் தண்ணீர் ஊறிய வட்டங்கள். மேலே மெல்லிய வெள்ளைப் பஞ்சு.

ஆறாவதை யாரும் தொடவில்லை. ஹாஜியார் அந்தப் பேசினுக்குக் குனிந்து ஒரு துண்டை எடுத்தார். அதை அங்கே பார்க்கவில்லை. வெளியே முற்றத்துக்குக் கொண்டுபோய், கிழக்கு வெயிலுக்கு நேரே கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தார். நகத்தால் அழுத்தினார். நறுக்கென்று உடைந்தது. பச்சை.

பித்தளை மைக்றஸ்கோப்பை நாகலிங்கம் முற்றத்து மேசையில் வைத்தார். அழுகிய துண்டிலிருந்து ஒரு சுரண்டலைக் கண்ணாடியில் வைத்துச் சரிசெய்துவிட்டு விலகினார். ஹாஜியார் பார்த்தார். இருளப்பன் பார்த்தார். சாலி கடைசியில் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"இதா?" என்றார். "எலுமிச்சங்கா மாதிரி?"

"அதுதான்."

"இவ்வளவு சின்னச் சாமானா எண்ட காணிய தின்ற?"

சாலி நிமிர்ந்து சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"நடுறதில்ல," என்றார் ஹாஜியார். "கன்டுகள வித்துருவம். இருளப்பன், கேகால பக்கம் றப்பர் இல்லாத காணிக்காரர் ஆரும் கேப்பாங்களா?"

"அரநாயக்கவுல கேட்டாங்க முதலாளி. தோட்டம் இல்லாத எடமாத்தான் பாத்துக் குடுக்கணும்."

"டொக்டரட்ட மண்ணக் காட்டிட்டுக் குடுங்க," என்றார் சாலி. அன்று அவர் சொன்ன டொக்டரில் கேலி இல்லை. பிறகு, "அப்ப இவருக்கு என்ன பங்கு, ஹாஜியார்?" என்று கேட்டார்.

"எதில பங்கு? குழியே தோண்டல்லயே."

"மாசம் ரெண்டாச்சி அவரு வேலய வுட்டு."

"ஒரு கல்லக் கொண்டுவந்து காட்டுறாங்க. இது கண்ணாடி, வாங்காதீங்க எண்டு சொல்றவனுக்கு எங்கட தொழில்ல சல்லி குடுக்கிற வழக்கமில்ல," என்றார் ஹாஜியார். நாகலிங்கத்தின் பக்கம் திரும்பினார். "அண்டைக்கு சம்பளம் எண்டு சொல்லியிருந்தீங்கெண்டா இண்டைக்கு உங்கட கையில ஏதும் ஈக்கும், தம்பி."

"அது சரிதான் ஹாஜியார்," என்றார் நாகலிங்கம். "ஆனா சம்பள ஆளு சொல்லியிருந்தா நீங்க நம்பியிருப்பீங்களா?"

ஹாஜியார் கையிலிருந்த பச்சைத் துண்டைப் பார்த்தார்.

"நம்பியிருப்பன்," என்றார். "சாலி நம்பியிருக்க மாட்டாரு."

"தின்ற சோத்துல மண்ணப் போட்டுக்கிட்ட ஆள்ட பேச்ச நம்பாம என்ன செய்ற?" என்றார் சாலி. அதற்குத்தான் எல்லோரும் கொஞ்சம் சிரித்தார்கள்.

பகல் சாப்பாட்டுக்கு ஹாஜியார் விடவில்லை. நாகலிங்கம் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். மைக்றஸ்கோப்பைத் துவாயில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு இரண்டரை மணி பஸ்ஸைப் பிடித்தார்.

பங்கு ஒப்பந்தம் 1979 மார்ச் 1ஆம் திகதி அதே நொத்தாரிசிடம் ரத்துச் செய்யப்பட்டது. மார்ச் மாதம் அரிசி வரவில்லை. ஆராய்ச்சி நிலையத்தில் நாகலிங்கத்தின் இடத்துக்கு வேறொருவர் நியமிக்கப்பட்டிருந்தார். ஹாஜியாரிடம் கல் வாங்கும் ஒரு கொழும்பு வியாபாரியின் மைத்துனர் ஒரு நிதிக் கம்பனியில் இருந்தார். அந்த மைத்துனர் நடந்ததைக் கேள்விப்பட்டு ஏப்ரலில் நாகலிங்கத்துக்குக் கடிதம் எழுதினார். ஜூன் 4ஆம் திகதி நாகலிங்கம் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். பயிர், மருந்துச் செடி, மீன் வளர்ப்பு ஆகியவற்றுக்கு முதல் கேட்டு வருகிறவர்களின் திட்டங்களைப் பரிசோதித்து அறிக்கை கொடுப்பது வேலை. மாதச் சம்பளம் ஆயிரத்து இருநூறு ரூபா. பங்கு கிடையாது, அவர் கேட்கவும் இல்லை. முதல் வருஷத்தில் பதினான்கு திட்டங்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் மண்ணையும் நீரையும் முதல் கேட்டு வந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எடுத்தார். பன்னிரண்டுக்கு வேண்டாம் என்று எழுதினார்.